ஆளுக்கொரு சுரம்: ராக் பேண்டுக்குள் குரல்களைப் பங்கு போடும் விதம்

சேலம் அம்மாபேட்டையில் ஒரு மாடி அறையில்தான் எங்கள் பேண்டு பயிற்சி செய்கிறது. நாலு பேர். பாட்டும் கிட்டாரும் ஒருவன், கீபோர்டு ஒருத்தி, டிரம்ஸ் ஒருவன், பேஸ் கிட்டார் நான். சந்துக்கு அந்தப் பக்கம் மூன்று விசைத்தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் எங்கள் சத்தத்தைப் பற்றி யாரும் புகார் சொன்னதில்லை. ஒரே ஒரு நாள், பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த அக்கா மட்டும் பொறுக்க மாட்டாமல் கேட்டார்: “ஏந் தம்பி, ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்குறீங்களே, எல்லாரும் ஒண்ணா பாட மாட்டீங்களா?”

அக்கா கேட்டதில் தப்பில்லை. ஹார்மனி என்ற சொல்லை நாம் எல்லோரும் தாராளமாகப் புழங்குகிறோம். பஜனையில் ஐம்பது பேர் சேர்ந்து பாடினால் ஹார்மனி, பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் கத்தினால் ஹார்மனி, மேடையில் பின்னால் இருவர் மைக் பிடித்து நின்றாலே ஹார்மனி. போதாததற்குத் தமிழில் இரண்டாவது குரலுக்கு மரியாதையே கிடையாது. ஒத்து ஊதுகிறான், பின்பாட்டு பாடுகிறான் என்று சொன்னால் அது பாராட்டா? இசையில் இருந்து வந்த இரண்டு சொற்களையும் ஜால்ரா பக்கம் தள்ளிவிட்டோம். (ஜால்ராவும் பாவம், இசைக் கருவிதான்.)

ஆனால் ராக் பேண்டில் இரண்டாவது குரல்காரன் முதல் குரல் சொன்னதையே திருப்பிச் சொன்னால் அவனுக்கு அங்கே வேலையே இல்லை. வேறொன்றைச் சொல்வதற்குத்தான் அவனை நிறுத்தியிருக்கிறார்கள். அந்த வேறொன்றை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், யாருக்கு எதைக் கொடுக்கிறார்கள் என்பதை ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

கடலையும் தட்டுவடை செட்டும்

வறுத்த கடலையை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொள்வது ஒரு ருசி. சேலத்துத் தட்டுவடை செட் வேறு ருசி. கீழே ஒரு தட்டை, மேலே ஒரு தட்டை, நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், இரண்டு நிறத்தில் சட்னி. ஒரே கடியில் எல்லாம் ஒன்றாக வரும். ஒவ்வொன்றையும் தனியாகத் தின்றுவிட்டு “செட் சாப்பிட்டேன்” என்று சொல்ல முடியாது.

ஒரு சுரத்துக்குப் பின் இன்னொரு சுரமாக வருவது மெட்டு. அதுதான் கடலை. நம் கர்நாடக இசையும் நாட்டுப்பாட்டும் இந்த மெட்டைத்தான் எங்கேயோ கொண்டுபோயிருக்கின்றன. ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிப்பது ஹார்மனி. அது தட்டுவடை செட். அப்படி அடுக்கிய சுரங்களின் தொகுப்புக்குக் கார்டு என்று பெயர். ச, க, ப மூன்றையும் கீபோர்டில் ஒன்றாக அழுத்தினால் கிடைப்பது மிக எளிய கார்டு.

பஜனையில் ஐம்பது பேரும் ஒரே மெட்டைத்தானே பாடுகிறார்கள்? அதற்கு யூனிசன் என்று பெயர். ஒரே சுரம், பல குரல். ஆண்கள் கீழ் ஸ்தாயியிலும் பெண்கள் மேல் ஸ்தாயியிலும் பாடினாலும் ச என்றால் எல்லோருக்கும் ச-தான். பலம் கூடும், அடுக்கு வராது.

இதுவரை இவ்வளவுதான்: மெட்டு கிடைமட்டமாக ஓடுகிறது, ஹார்மனி செங்குத்தாக நிற்கிறது. ஆட்கள் எத்தனை பேர் என்பது கணக்கே இல்லை, சுரங்கள் எத்தனை என்பதுதான் கணக்கு.

மூன்று தறி ஓடும் கணக்கு

சரி, ஏன் ச-வுக்கு க-வும் ப-வும்? ஏன் ச-வோடு ரி-யைச் சேர்த்தால் காது சுளிக்கிறது? இங்கேதான் எதிர்ச் சந்துத் தறிகள் எனக்கு வாத்தியார்.

ஒரு தறி நாலு அடி அடிக்கும் நேரத்தில் அடுத்தது ஐந்து, மூன்றாவது ஆறு அடிக்கிறது என்று வையுங்கள். நடுவில் தாறுமாறாகக் கேட்டாலும், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மூன்றும் ஒரே சமயத்தில் “டக்” என்று விழும். அந்தச் சந்திப்பு சீக்கிரம் சீக்கிரமாக வந்தால் காது அதில் ஓர் ஒழுங்கைப் பிடித்துக்கொள்கிறது.

குரலும் அடிதான், ரொம்ப வேகமான அடி. தொண்டையில் இருக்கும் குரல் நாண்கள் நொடிக்கு இத்தனை முறை என்று திறந்து மூடுகின்றன. இந்த எண்ணிக்கைக்கு அதிர்வெண் என்று பெயர். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ச-வை 200 அதிர்வு என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்தர காந்தாரம், அதாவது பெரிய க, 250. ப 300. மேல் ச 400. 200, 250, 300 என்பது 4, 5, 6 என்ற விகிதம். எதிர்ச் சந்தின் அதே மூன்று தறி! நொடிக்கு 50 முறை மூன்று குரலும் சந்தித்துக்கொள்கின்றன.

ரி 225. ச-வோடு சேர்த்தால் 8-க்கு 9. இன்னும் நெருக்கமாகப் போய் க-வையும் சின்ன ம-வையும் (சுத்த மத்தியமம்) ஒன்றாக ஒலிக்க விட்டால் 15-க்கு 16. சந்திப்பதற்குள் ஒரு பெரிய சுற்று போய்வர வேண்டும். காதுக்கு அது உரசல்.

இன்னொன்றும் நடக்கும். ஒருவர் 200-இலும் மற்றவர் 203-இலும் ஒரே ச-வைப் பாடினால், நொடிக்கு மூன்று முறை சத்தம் பெருத்து இளைத்து “வவ் வவ் வவ்” என்று கேட்கும். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இதற்கு விம்மல்கள் என்று பெயர் படித்திருப்பீர்கள். தம்புரா சுருதி சேர்ப்பவர்கள் காதில் தேடுவது இந்த விம்மல் அடங்கும் இடத்தைத்தான். பேண்டிலும் அதே வேலை.

ஆகவே, எளிய விகிதம் இனிக்கும், சிக்கலான விகிதம் உரசும். உரசலே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஊறுகாய் மாதிரி, தொட்டுக்கொள்ளலாம்.

பக்கத்துச் சுரத்தில் ஏறிக்கொள்வது

இரண்டாவது குரலை உருவாக்க எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் வழி: லீட், அதாவது முதன்மைக் குரல், பாடும் சுரத்திலிருந்து ஒன்றைத் தாண்டி அடுத்ததைப் பிடிப்பது. ச பாடினால் க, ரி பாடினால் ம, க பாடினால் ப. மேற்கத்திய மேஜர் ஸ்கேல் நம் சங்கராபரணத்தின் சுரங்கள்தான் என்பதால் பாட்டு தெரிந்தவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை. அமெரிக்காவின் எவர்லி சகோதரர்கள் இருவர், 1950-களின் கடைசியில் இப்படி ஒட்டிக்கொண்டே ஓடும் இரட்டைக் குரலால்தான் பேர் வாங்கினார்கள். அவர்களைக் கேட்டுக் கேட்டு இங்கிலாந்தின் லிவர்பூலில் வளர்ந்தவர்கள் பீட்டில்ஸ் பேண்டுக்காரர்கள்.

ஆனால் இந்த வழியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் வம்பு வரும். அதைக் காட்ட எங்கள் சொந்தப் பாட்டிலிருந்தே ஒரு வரி தருகிறேன். “வெயிலே வா வா.” சேலத்துச் சித்திரையில் இப்படி எழுதினால் அடிக்க வருவார்கள். இது ஏற்காட்டில், ஏரிப் பக்கம் எதிரில் நிற்பவன் முகம் தெரியாத பனியில், பல் கிடுகிடுக்க எழுதியது.

லீட் பாடுவது: வெ-யி-லே, ச ரி க. பிறகு வா, ம. மறுபடி வா, க. கீபோர்டில் “வெயிலே” முழுக்க ச-க-ப கார்டு. முதல் “வா”வுக்கு ம-த-ச கார்டு. இரண்டாவது “வா”வுக்குத் திரும்பவும் ச-க-ப.

நாங்கள் முதலில் செய்தது என்ன? ஒன்றைத் தாண்டி அடுத்ததைப் பிடித்து மேல் குரலுக்கு க ம ப, த, ப என்று கொடுத்தோம். கடைசி இரண்டு சுரம் அருமையாக உட்கார்ந்தது. “யி” மட்டும் முள்ளாகக் குத்தியது. அந்த எழுத்தை நீட்டிப் பாடுவது எங்கள் பாடகனின் பழக்கம். மேல் குரல் ம-வில் நிற்க, கீபோர்டு க-வை அழுத்திக்கொண்டு நிற்க, நடுவே அந்த 15-க்கு 16 உரசல். ஓடும்போது தெரியாத கல், நின்றால் காலில் குத்துகிறது.

தீர்வு ரொம்பச் சோம்பேறித்தனமானது. மேல் குரல் “வெயிலே” மூன்று எழுத்துக்கும் ப-விலேயே நிற்கட்டும். “வா”வில் த, அடுத்த “வா”வில் திரும்ப ப. லீட் ஏறி இறங்குகிறது, மேல் குரல் ஒரே ஒரு படி ஏறி இறங்குகிறது. கீழ்க் குரல் முதல் சொல்லில் வாயே திறக்காது. “வா வா” வரும்போது நுழைந்து ச, ச. ஒரே சுரம்தான், ஆனால் அதன் அடியில் கார்டு மாறுவதால் அதே ச-வுக்கு இரண்டு நிறம் வருகிறது. முதல் “வா”வில் ச-ம-த, இரண்டாவதில் ச-க-ப. செட் முழுசு.

இதில் இருப்பது இரண்டே விதி. கார்டில் இருக்கும் சுரத்தில் நில். இன்னொரு கார்டுக்குப் போகும்போது அருகில் இருக்கும் சுரத்துக்கு நகர். ஓடும் டவுன் பஸ்ஸில் இருக்கை மாறுவது மாதிரி, பக்கத்துச் சீட்டுக்கு நகர்வார்களே தவிர கடைசி வரிசையிலிருந்து டிரைவர் பக்கம் யாரும் பாய்வதில்லை.

ஒரே சுரத்தில் நிற்பது நமக்குப் புதுசா? நாகசுரக் கச்சேரியில் ஒத்துக்காரர் அதைத்தான் செய்கிறார். லீட் எங்கே போனாலும் ஒத்து அசையாது. அந்த அசையாமையால்தான் லீட் எவ்வளவு தூரம் போனது என்பதே தெரிகிறது. பீட்டில்ஸ் 1963 ஜனவரியில் வெளியிட்ட ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ பாட்டில், ஜான் லெனன் மெட்டோடு கீழே இறங்க, பால் மெக்கார்ட்னி மேலே ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருப்பார். எவர்லி சகோதரர்களின் 1960-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றில் பிடித்த வித்தை அது. என்னைக் கேட்டால், தலைகீழாக வைத்த ஒத்து!

ராகம் உடைந்துவிடுமா?

கர்நாடக இசை படித்த நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. ராகத்தில் இருக்கும் சுரங்களிலிருந்தே மேல் குரலைத் தேர்ந்தெடுத்தால் அந்நிய சுரம் எதுவும் நுழையப் போவதில்லை. உண்மையான சிக்கல் கமகத்தில், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவதில், இருக்கிறது. லீட் ஒரு க-வை அசைத்து, ம-வைத் தொட்டு இறங்கிப் பாடினால், கூடவே மேல் குரலும் ப-வை அதே அளவு அசைக்க முடியாது. அசைத்தால் இரண்டு அசைவும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

ஆகவே தமிழில் பாடும் பேண்டுக்கு நான் சொல்வது: அசைவு லீடுக்கு மட்டும். மற்றவர்கள் கோடு போட்டது மாதிரி நேராகப் பிடியுங்கள். கமகம் நிறைந்த வரியில் ஹார்மனியே வேண்டாம். லீட் தனியாகப் போகட்டும், வரி முடிந்து நீளும் கடைசி எழுத்தில் எல்லோரும் சேர்ந்துகொள்ளலாம்.

யாருக்கு எது: தொண்டை பாதி, கை பாதி

சுரங்களை முடிவு செய்தாயிற்று. இனி ஆட்கள். முதல் கேள்வி, பாட்டை எத்தனை கட்டையில் வைப்பது? கட்டை என்பது ச எங்கே ஆரம்பிக்கிறது என்பதன் அளவு. “வெயிலே”வை முதலில் ஒண்ணரைக் கட்டையில் வைத்திருந்தோம். லீடுக்குச் சௌகரியம். ஆனால் கீபோர்டுக்காரிக்கு அந்த ப கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி கேட்டது. நாலு கட்டைக்கு ஏற்றியதும் அவள் குரல் வெளியே வந்தது, லீடும் கொஞ்சம் முயற்சி செய்து பாட வேண்டியதானது. ராக் பாட்டுக்கு அந்த முயற்சி நல்லதுதான்.

பெண்தான் மேலே, தடித்த ஆள்தான் கீழே என்று எண்ண வேண்டாம். குயீன் பேண்டில் அந்த உச்சஸ்தாயி அலறல் டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லருடையது. ஃபால்செட்டோ என்கிற பொய்க்குரலில், நாம் கள்ளத்தொண்டை என்று திட்டுகிற அதே குரலில், பீச் பாய்ஸ் பேண்டின் பிரையன் வில்சன் ஒரு முழுப் பாணியையே கட்டினார். அந்தப் பேண்டில் மூன்று பேர் சகோதரர்கள், அடிக்குரல் கொடுத்த மைக் லவ் அவர்களுடைய உறவுக்காரர். ஒரே வீட்டில் பேசிப் பழகிய வாய்கள் எழுத்துகளை ஒரே மாதிரி உச்சரிக்கும். அதனால் குரல்கள் தானாகவே ஒட்டும்.

இரண்டாவது கேள்வியைப் புதியவர்கள் கேட்பதே இல்லை: அந்த நேரத்தில் அவன் கை என்ன செய்துகொண்டிருக்கிறது? கோயரில், அதாவது சேர்ந்து பாடும் குழுவில், பாடகரின் கை சும்மா இருக்கிறது. பேண்டில் அப்படி இல்லை. பேஸ் கிட்டாரில் நான் வாசிக்கும் தாளம் பாட்டின் சொற்களுக்கு எதிர்ப்பக்கம் விழும். சொற்கள் நிறைந்த வரியை என்னிடம் கொடுத்தால் இரண்டில் ஒன்று கெடும். எனவே எனக்கு நீளமான “ஊ”வும் “ஆ”வும். டிரம்ஸ்காரனுக்கு மூச்சு வாங்கும், ஆகவே சின்னச் சின்னச் சொற்கள், முக்கியமாகத் தாளத்தின் மேலேயே விழுபவை. “வா வா”வின் அந்த ச, ச அவனுடையது. ஈகிள்ஸ் பேண்டின் டான் ஹென்லி டிரம்ஸ் அடித்துக்கொண்டே லீட் பாடினார் என்பது உண்மைதான், ஆனால் அதை விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சுருக்கமாக: குரலின் எல்லைக்கு ஏற்பக் கட்டை, கையின் வேலைக்கு ஏற்ப வரி. இந்த இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் சுரத்தை மாற்றுங்கள், ஆளைத் திட்டாதீர்கள்.

மூன்று பேர், மூன்று ‘ழ’

சுரம் சரியாக இருந்தும் குரல்கள் ஒட்டாமல் நிற்பதுண்டு. பெரும்பாலும் குற்றவாளி எழுத்து. உயிரெழுத்துதான் நீளும், அதன் வடிவம் எல்லோர் வாயிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் “ஆ”வை வாய் அகலமாகவும் மற்றவர் பாதி “ஓ” மாதிரியும் பாடினால் சுரம் ஒன்றானாலும் வேறு வேறாகக் கேட்கும். மெய்யெழுத்து எப்போது மூடுகிறது என்பது அடுத்த தலைவலி. “கல்” என்று முடியும் சொல்லில் மூன்று பேரும் மூன்று நேரத்தில் ல்-ஐப் போட்டால் சில்லறை சிந்தியது மாதிரி இருக்கும். எங்கள் பேண்டில் வல்லின ஒற்றும் கடைசி மெய்யும் லீடுக்கு மட்டுமே சொந்தம், மற்றவர்கள் உயிரோடு நிறுத்திக்கொள்வோம். கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ‘ழ’ வரும் சொல்லை நீட்டுவதே இல்லை. மூன்று பேருக்கும் மூன்று ழ. பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.

ஸ்டுடியோ ஒன்று, மேடை வேறு

பதிவில் கேட்கும் மலை போன்ற ஹார்மனியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதே ஆட்கள் திரும்பத் திரும்பப் பாடி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். அதற்கு ஓவர்டப் என்று பெயர். பீட்டில்ஸின் 1969 ‘பிகாஸ்’ பாட்டில் மூன்று பேர் மூன்று முறை பாடி ஒன்பது குரல் ஆக்கினார்கள். குயீனின் 1975 ‘பொஹிமியன் ராப்சடி’யில் அந்த ஓபரா பகுதியின் கும்பலும் ஃப்ரெடி மெர்க்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர் என்று மூன்றே தொண்டைதான். மேடையில் அதை நேரடியாகப் பாட முடியாது என்று அவர்களே அந்தப் பகுதிக்கு டேப்பை ஓடவிட்டார்கள்.

மேடையில் மலையைவிடப் பெரிய பிரச்சினை, தன் குரல் தனக்குக் கேட்காதது. பாடகரை நோக்கித் திருப்பி வைத்த ஸ்பீக்கருக்கு மானிட்டர் என்று பெயர். இங்கே ஒரு கல்லூரி விழாவில் அது வேலை செய்யவில்லை. லீட் குரல் மட்டும் மண்டபச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. “வா வா” வரும்போது நான் எதைப் பிடிக்க வேண்டும் என்பதே மறந்து லீடின் சுரத்துக்கு வழுக்கினேன். கீபோர்டுக்காரியும் வழுக்கினாள். டிரம்ஸ்காரன் எங்களைப் பார்த்து வழுக்கினான். நாலு பேரும் சுத்தமான யூனிசன். இறங்கியதும் ஒரு மாணவர் ஓடிவந்து, “அண்ணா, ஹார்மனி செம!” என்றார். நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல?

அதற்குப் பிறகு மானிட்டரை நம்புவதில்லை. ஒரு காதை விரலால் அடைத்தால் தன் குரல் தலைக்குள் கேட்கும், ஆனால் பேஸ் வாசிப்பவனுக்கு விரல் ஏது? ஒரே மைக்கில் இருவர் பாடுவதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. பக்கத்தில் இருப்பவர் குரல் காதிலேயே விழும், ஒருவர் சத்தம் கூடினால் மற்றவர் தானாகக் குறைப்பார். பால் மெக்கார்ட்னி இடது கைக்காரர் என்பதால் அவரும் ஜார்ஜ் ஹாரிசனும் கிட்டார்கள் முட்டிக்கொள்ளாமல் ஒரு மைக்கில் நிற்க முடிந்தது. எங்கள் கீபோர்டு நகராது, ஆகவே நான்தான் அவள் பக்கம் போய் நிற்கிறேன்.

இரண்டு பேர் இருந்தால் இன்றைக்கே

செல்போனில் ஒரு சுருதிப்பெட்டி ஆப் போதும். ஒருவர் ச பிடியுங்கள், “ஆ” என்று, நேராக. மற்றவரும் அதே ச. விம்மல் அடங்கும் வரை விடாதீர்கள். பிறகு இரண்டாமவர் மெதுவாக ரி வழியாக ஏறி க-வில் போய் நிற்கட்டும். ரி-யில் உரசுவதும் க-வில் சட்டென்று இடம் விரிவதும் காதுக்குத் தெரியும். முதல் ஆள் கூடவே ஏறிவிடுவார், எல்லோரும் ஏறுவார்கள். சிரித்துவிட்டு மறுபடி ச-வுக்கு வாருங்கள். அடுத்த சுற்றில் ஆளை மாற்றுங்கள்.

பாட்டுக்குப் போகும்போது ஆளாளுக்கு அவரவர் வரியைத் தனியாகப் பாடிப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தனியாகக் கேட்டால் அந்த வரி அரைகுறையாக, சில சமயம் அசட்டுத்தனமாகக்கூட இருக்கும். எங்கள் டிரம்ஸ்காரனின் பதிவில் ஒரு நீண்ட மௌனம், பிறகு “வா, வா”, பிறகு மௌனம். அவன் அம்மா அதைக் கேட்டுவிட்டு, “யாரைடா கூப்பிடுற?” என்று சமையலறையிலிருந்து வந்து பார்த்தாராம்.